மூன்றாந்தர வீடு

கெனிங்டனில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போன அன்று, வீட்டுக்காரி தேநீர் ஊற்றுவதற்கு முன்னமே என் கணவர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். கோபத்துக்குக் காரணம் ஒரேயொரு ஆங்கிலச் சொல். அந்தச் சொல்லோடு நான் பட்ட பாட்டைச் சொல்வதென்றால், முதலில் அவருடைய ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து, ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றார். அங்கே அவருடைய ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. எத்தனையாம் நம்பர் பம்ப், ரசீது வேண்டுமா, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் இருந்த கோலியர்ஸ் வுட்டில் அவருக்கு வேறு மரியாதை. கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதென்றாலும், ஆஸ்பத்திரியில் போய் வயிற்றுவலியைச் சொல்வதென்றாலும், "மாஸ்ரரைக் கூட்டிக்கொண்டு போ" என்பார்கள். அவரும் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். படியிறங்கும்போதே முதுகு நிமிர்ந்துவிடும். வீடு, காணி, வேலை எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு வந்த மனுஷனுக்குக் கையோடு வந்தது அந்த ஆங்கிலம் ஒன்றுதான்.

நான் தமிழில் படித்தவள். 'யெஸ்', 'நோ', 'சொறி' மூன்றையும் வைத்துக்கொண்டு கடைத்தெரு போய் வந்துவிடுவேன். அவர் பக்கத்தில் நின்றால் அந்த மூன்றும் வராது. வாயைத் திறந்தால் இலக்கணம் திருத்துவார். திருத்தி முடிவதற்குள் பஸ் போய்விடும்.

கோலியர்ஸ் வுட் வீடு அவருடைய அண்ணனுடையது. நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எழுபதுகளிலேயே வந்து தபால் கந்தோரில் சேர்ந்தவர், நல்ல மனுஷன். எங்களுக்கு அவர் தந்தது வாசலுக்கு மேலே இருந்த சின்ன அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். குழந்தையின் தொட்டிலை வைத்த பிறகு நான் பக்கவாட்டில்தான் நடந்தேன். அத்தானின் மனைவியும் தங்கமான பெண்தான். ஆனால் ஒரு குசினிக்குள் இரண்டு பெண்கள் என்றால், தங்கமும் தங்கமும் உரசத்தான் செய்யும். உப்புப் போத்தல் எங்கே இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் சிரித்த முகத்தோடு நடத்திய யுத்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

அதனால்தான் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பெரிய வீடாக ஒன்று வாங்குவது என்று முடிவானது. கீழ் இரண்டு தட்டு அத்தான் குடும்பத்துக்கு, மேல் இரண்டு தட்டு எங்களுக்கு. அந்த நாட்களில் கெனிங்டன் பக்கம் பழைய, உயரமான வீடுகள் பராமரிப்பில்லாமல் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறினால் கோலியர்ஸ் வுட்டிலிருந்து நேரே போகலாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தானும், கணவரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனோம்.

வரிசையாக ஒட்டி நின்ற வீடுகளில் அது கடைசி வீடு. மஞ்சள் செங்கல், புகைக்கரி படிந்து கறுத்திருந்தது. முகப்பில் தூணில்லை, பூவேலையில்லை. தட்டையான சுவரில் ஜன்னல்கள், அவ்வளவுதான். கூரைகூடத் தெரியவில்லை, முன்சுவர் அதை மறைத்துக்கொண்டு மேலே போயிருந்தது.

"என்னடா தம்பி, பாக்டரி மாதிரிக் கிடக்கு?" என்றார் அத்தான்.

எனக்கு அது அலட்டல் இல்லாத வீடாகப் பட்டது. வாசற்கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு கண்ணாடி. கதவுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு பள்ளம், சுற்றிவர இரும்புக் கம்பி. பள்ளத்துக்குள் படியிறங்கினால் நிலத்தடிக் குசினி. நடைபாதையிலேயே வட்டமாக ஓர் இரும்பு மூடி இருந்தது. முன்னொரு காலத்தில் நிலக்கரிக்காரன் அந்த மூடியைத் திறந்து, வீட்டுக்குள் காலே வைக்காமல், கரியைத் தெருவிலிருந்தே கீழே கொட்டிவிட்டுப் போவானாம்.

இதையெல்லாம் சொன்னது வீட்டுக்காரி. எழுபதைத் தாண்டிய நெட்டையான பெண், கல்யாணம் கட்டாதவர், சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அந்த வீட்டில்தான் பிறந்தாராம். முழங்கால் இரண்டும் கெட்டுப்போய், படியேற முடியாமல் வந்ததால், பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக முடிவெடுத்திருந்தார். அந்த முழங்காலோடு அன்று எங்களுக்காகப் படி படியாக ஏறினார்.

ஒவ்வொரு தட்டிலும் முன்னுக்கு ஓர் அறை, பின்னுக்கு ஓர் அறை, பக்கத்தில் மாடிப்படி. முதல் மாடியில் ஜன்னல்கள் என்னைவிட உயரம். அதற்கு மேலே குட்டை. உச்சித் தட்டில் கிட்டத்தட்டச் சதுரம். வீட்டின் மதிப்பான அறை எது, வேலைக்காரர் படுத்த அறை எது என்று தெருவில் நின்றே ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார். ஜன்னல்கள் மேலும் கீழும் வழுக்கி ஓடின. சட்டத்துக்குள் கயிறும் இரும்புக் குண்டும் ஒளிந்திருந்தன. அவர் ஒற்றை விரலால் தள்ளினார். ஜன்னல் சத்தமில்லாமல் ஏறியது.

இரண்டாம் மாடியில் பின்னறைக்குள் போனதும் என் கால் நின்றுவிட்டது. ஜன்னலின் இரண்டு பக்கச் சுவரிலும், இரவில் அதை அடைப்பதற்கு, மடித்து வைத்த மரக் கதவுகள். பின்னால் ஒரு பெரிய மரமும் அயல்வீட்டுப் புகைபோக்கிகளும். அந்த அறையில் கட்டிலையும் தொட்டிலையும் போட்டாலும் நேராக நடக்க இடம் மிஞ்சும். அதற்குப் பக்கத்திலிருந்த சின்ன இடத்தை எனக்கான குசினியாக்கலாம். உப்புப் போத்தலை எங்கே வைப்பது என்றுகூட அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன். பசிக்கிறவளுக்குச் சோறு எப்படியோ அப்படி எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அத்தான் கீழே ஈரச் சுவரைத் தட்டிப் பார்க்கப் போயிருந்தார். நாங்கள் மூவரும் மாடிப்படித் திருப்பத்தில் நின்றோம். வீட்டுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் கை வைத்தார். கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதைத் தட்டினார். பிறகு மிகுந்த சந்தோஷத்தோடு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"இட் இஸ் அ வெரி குட் தேர்ட் ரேட் ஹவுஸ்."

எங்கள் ஊரில் இந்தத் 'தேர்ட் ரேட்' சாதாரண வார்த்தையல்ல. ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாயில் வருகிற உச்சக்கட்ட ஏச்சு அது. கூடாத படம் தேர்ட் ரேட் படம். கூடாத ஆட்கள் தேர்ட் ரேட் ஆட்கள். என் கணவர் கெட்ட வார்த்தை பேசமாட்டார். ஒருவனை அடியோடு வெறுத்தால் மட்டும் 'தேர்ட் ரேட் ஃபெலோ' என்பார். அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரி அவர் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டு சொல்கிறாள். உங்களைப் போன்றவர்களுக்கு இப்படிப்பட்ட வீடு போதும் என்றுதான் அவர் காதில் அது விழுந்தது.

அவருடைய முகம் இறுகியது. அப்படியானால் உங்களுக்கு மேலும் சிரமம் தர விரும்பவில்லை என்று, நல்ல ஆங்கிலத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே முன்னறையில் தட்டில் கோப்பைகளும் கேக் துண்டுகளும் வைத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அத்தான் நிலத்தடியிலிருந்து ஏறி வருவதற்குள் நாங்கள் தெருவில் நின்றோம். திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷி வாசலில், வாயைக் கொஞ்சம் திறந்தபடி, என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

ரயிலில் அத்தான் கேட்டார், "என்னடா நடந்தது?"

"அண்ணை, எங்களைப் பாத்துத் தேர்ட் ரேட் எண்டு சொல்லிப்போட்டா. உந்த வீட்டுக் கதையை இனி எடுக்க வேண்டாம்."

அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை. ஆங்கிலம் என்று வந்தால் தம்பி சொல்வதே தீர்ப்பு. அடுத்த கிழமைக்குள் கோலியர்ஸ் வுட் முழுக்கக் கதை பரவிவிட்டது. "அவளின்ரை திமிரைப் பாருங்கோ" என்று ஆட்கள் வந்து துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். அத்தான் செவன் கிங்ஸிலும் ஹவுன்ஸ்லோவிலும் வீடு தேடத் தொடங்கினார்.

எனக்கு மனம் ஆறவில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். ஒருவரை அவமதிக்க நினைக்கிறவள் கேக் வெட்டி வைப்பாளா? சுவரைத் தட்டிக்கொடுப்பாளா? தன் வீட்டைத் தானே ஏசிக்கொண்டு அதை விற்கப் பார்ப்பாளா? எனக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் முகம் தெரியும்.

ஒருநாள் கணவர் வேலைக்குப் போன பிறகு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தனியே ரயிலேறினேன். அதுவரை நான் தனியாகப் பக்கத்திலிருந்த டூட்டிங்குக்கு அப்பால் போனதில்லை. கதவைத் தட்டினேன். அவர் என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வரச்சொல்லிவிட்டு, நான் பேசட்டும் என்று காத்திருந்தார். ஆசிரியைக்கு உள்ள பொறுமை.

"தேர்ட் ரேட்," என்றேன். "வட் இஸ்?"

அந்தக் கேள்விக்கு அவர் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். என் ஆங்கிலத்துக்கேற்ப விரலாலும் கையாலும் சொன்னார். ஒரு காலத்தில் லண்டன் பெருந்தீயில் எரிந்துபோனதாம். அதன்பிறகு, வீடு கட்டுவதென்றால் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று சட்டங்கள் வந்தன. ஜன்னலின் மரச்சட்டம் வெளிச்சுவரோடு இருந்தால் தீ பிடிக்கும். அதைச் செங்கலுக்குப் பின்னால் தள்ளி வை. கூரை விளிம்பு வெளியே நீட்டினால் தீ தாவும்; முன்சுவரை அதற்கு மேலே எழுப்பு. நான் அலட்டல் இல்லாத வீடு என்று நினைத்ததெல்லாம் நெருப்புக்குப் பயந்த வீடு. பிறகு அந்தச் சட்டத்தில் வீடுகளை நான்காகப் பிரித்தார்கள். அளவையும் மதிப்பையும் வைத்து முதலாம், இரண்டாம், மூன்றாம், நான்காம் ரேட். எந்த ரேட் வீட்டுக்குச் சுவர் எவ்வளவு தடிப்பு, அத்திவாரம் எவ்வளவு என்று எல்லாம் விதி. ரேட் என்றால் வகுப்பு. ஏச்சு அல்ல.

என்னைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூரத்தில் ஒரு சதுக்கத்தில் நின்ற பெரிய வீடுகளைக் காட்டி விரலை மடக்கினார்: அவை வணிகர்களுடையவை, இரண்டாம் ரேட். பின்சந்தில் ஒட்டிக்கிடந்த குட்டி வீடுகள் தொழிலாளர்களுடையவை, நான்காம் ரேட். முதலாம் ரேட் வீடுகள் இந்தப் பக்கம் இல்லை. பிரபுக்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பிறகு தன் வீட்டைப் பார்த்தார். இது மூன்றாம் ரேட். "ஃபார் கிளார்க்ஸ்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாக்கர்! யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் தவம் கிடந்ததே கிளாக்கர் உத்தியோகத்துக்குத்தானே.

பக்கச் சுவரில் ஒரு ஜன்னலின் வடிவம் மட்டும் இருந்தது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். வரிக்குப் பயந்து அடைத்ததோ என்று சைகையால் கேட்டேன். ஜன்னல் வரி பற்றி யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். இல்லையாம். கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்களாம், அழகுக்காக. உள்ளே புகைபோக்கி போகிறது, ஜன்னல் வைக்க முடியாது. ஆனால் வெளியே பார்க்கிறவர்களுக்கு அந்த இடம் மொட்டையாக இருக்கக்கூடாது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காகச் செய்யும் வேலை இந்த நாட்டிலும் உண்டு என்று எனக்கு ஒரு ஆறுதல்.

திரும்பி உள்ளே வந்ததும், என் கணவர் ஏன் வெளியேறிப் போனார் என்று எனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கிச் சொன்னேன். அவருக்கு விளங்கிய கணத்தில் முகம் சிவந்துபோயிற்று. மாடிப்படியின் முதற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பிப் போய் டெலிபோனை எடுத்தார். என் கணவரை உடனே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறாராம்.

நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். "நோ, நோ." ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல என்னிடம் சொல் இருக்கவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் கஷ்டம்தான். கடைசியில், "மை ஹஸ்பண்ட் இங்கிலிஷ் டீச்சர்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். டெலிபோனை வைத்தார். அந்த நாலு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: வீட்டைக் கேட்டு இன்னொருவர் வந்திருக்கிறார். மாடிப்படியை உடைத்து, தட்டுத் தட்டாகப் பிரித்து, பிளாட்டாக்கி விற்பதற்கு. அடுத்த கிழமை முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். தனக்கு அது விருப்பமில்லை. குடும்பம் ஒன்று இருந்தால் நல்லது.

ரயிலில் வரும்போது என் நிலைமை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீடு வேண்டுமென்றால் என் கணவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டும். பெற்றோல் நிலையத்தில் நின்று, பொடியன்களிடம் பேச்சு வாங்கி வருகிற மனுஷன். அவரிடம் மிஞ்சியிருக்கிற ஒன்றில், இலக்கணம் தெரியாத பெண்சாதி போய்க் கை வைப்பதா? வீடும் வேண்டும். அந்த மனுஷனின் முதுகும் வளையக்கூடாது. இரண்டையும் ஒன்றாக எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே ஒருதடவை வாயைக் கொடுத்துப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனுஷி சொன்ன சொல்லுக்கு வேற கருத்தும் இருக்குமோ?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "நீர் எனக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறீரோ?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். உள்ளே எரிந்தது. இவருடைய இங்கிலிஷைக் கொண்டுபோய் உப்பில் ஊறப்போடட்டும் என்று மனதுக்குள் ஏசினேன். ஏசிக்கொண்டே வெங்காயம் வெட்டினேன். வெங்காயம் முடிவதற்குள் ஒரு வழி தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, அவர் சாப்பிட உட்கார்ந்ததும், புட்டை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டேன்.

"மாமா பென்சன் எடுக்கேக்கை என்ன கிளாஸ் கிளாக்கர்?"

அவருடைய தகப்பனார் கொழும்பில் அரசாங்க கிளாக்கராக இருந்தவர். அந்தக் கதை என்றால் மகனுக்குப் பெருமை.

"கிளாஸ் வண். உமக்குத் தெரியாதே?"

"சேரேக்கை?"

"எல்லாரும் கிளாஸ் த்ரீயிலைதான் சேருறது. ஐயாவும் அப்பிடித்தான்."

"கலியாணம் பேசேக்கை?"

"அப்பவும் த்ரீதான். கிளாஸ் த்ரீ எண்டாலே அந்தக் காலத்தில பொம்பிளை வீட்டுக்காரர் வரிசையில நிண்டவை."

"அப்ப த்ரீ எண்டால் ஏச்சில்லை," என்றேன். "வகுப்பு."

அவர் புட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் குழம்பை ஊற்றினேன். அவர் கெட்டிக்காரர், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. நான் எங்கே போய் வந்திருக்கிறேன் என்று அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார்.

மறுநாள் வேலை முடிந்து வருவதற்கு வழக்கத்தைவிடப் பிந்தியது. நூலகத்துக்குப் போனாரோ, எங்கே போனாரோ, இன்றுவரை சொன்னதில்லை. வந்ததும் அண்ணனிடம் போனார்.

"அண்ணை, அந்தக் கெனிங்டன் வீட்டை இன்னொருக்காப் பாப்பமே? செவன் கிங்ஸ் தூரம். எனக்கு வேலைக்குப் போக ஏலாது."

அத்தானுக்குத் தலைகால் விளங்கவில்லை. "தேர்ட் ரேட் எண்டாயேடா?"

"ஓம் அண்ணை. அது கட்டடச் சட்டத்திலை இருக்கிற ஒரு சொல்."

அவ்வளவுதான் விளக்கம். அந்தச் சனிக்கிழமை மறுபடி போனோம். வீட்டுக்காரி கதவைத் திறந்தார். அவர் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் கணவர் தொப்பியைக் கழற்றி, குரலைச் செருமி, உங்கள் அருமையான மூன்றாம் ரேட் வீட்டை மீண்டும் பார்க்க விரும்புகிறோம் என்றார். அதை அறிந்த ஒருவரிடம் விற்கக் கிடைப்பது தனக்குச் சந்தோஷம் என்றார் அவர். இரண்டு ஆசிரியர்களும் தலையை அசைத்துக்கொண்டார்கள். அன்று கேக் சாப்பிட்டோம். கொஞ்சம் காய்ந்த கேக்தான்.

வீடு எங்களுடையதாயிற்று. பின்னறை என்னுடையதாயிற்று. உப்புப் போத்தல் நான் நினைத்த இடத்தில் இருந்தது. குளிர்காலத்தில் அந்த ஜன்னல்களின் இடுக்கு வழியே காற்று வந்து காதைக் கடித்தது. மழை பெய்தால், மறைத்துக் கட்டிய கூரையின் நடுக்கால்வாய் அடைத்துக்கொண்டு உச்சி அறைக்குள் ஒழுகியது. இருந்தாலும் இரவில் மரக் கதவுகளை இழுத்துச் சாத்தி, இரும்புப் பட்டியைப் போட்டால், உலகத்தில் ஒருவரும் என்னை எழும்பிப் போ என்று சொல்லமுடியாது என்ற நினைப்பு வரும். அந்த நினைப்புக்காக எவ்வளவு குளிரையும் தாங்கலாம்.

என் கணவர் அந்த வீட்டின் சரித்திர ஆசிரியராகிவிட்டார். விருந்தாளி வந்தால் முதலில் சுற்றிக்காட்டல், பிறகுதான் வடை. "இது ஒரு தேர்ட் ரேட் வீடு" என்று தொடங்குவார். வந்தவர்கள் திடுக்கிடுவதைப் பார்த்து ரசித்துவிட்டு, தீயிலிருந்து தொடங்கிக் கிளாக்கர் வரை சொல்லுவார். நன்றாகத்தான் சொல்லுவார். நான் ஒரு மணி நேரம் கைச்சைகையில் கேட்டதை அவர் கதையாக்கியபோது எனக்கே கேட்கப் பிடித்தது.

ஆனால் கதையில் ஒரு இடம் அவருக்கு முள்ளாக இருந்தது. யாரோ கோபித்துக்கொண்டு வெளிக்கிட்டு வந்தார்களே, அது யார்? அது இல்லாவிட்டால் கதையில் சுவையில்லை. முதலில் "நாங்கள்" என்றார். பிறகு "அண்ணை" என்றார். அத்தான் பக்கத்தில் இருந்து முறைத்ததால் அது நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தான் குடும்பம் தனி வீடு வாங்கிச் செவன் கிங்ஸுக்குப் போன பிறகு, ஒருநாள் நான் வடைத்தட்டோடு வந்தபோது, அவர் விருந்தாளிகளிடம் சொல்வது காதில் விழுந்தது:

"இவவுக்கு இங்கிலிஷ் அவ்வளவா வராதெல்லே. தேர்ட் ரேட் எண்டதும் கோவம் வந்திட்டுது. என்னையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஒருதடவை என்றால் விடலாம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதே கதை. எனக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம். அதற்குள் நான் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலைக்குப் போய், என் ஆங்கிலத்தை நானே தேடிக்கொண்டுவிட்டேன். இருந்தும் அவருடைய முதுகை நிமிர்த்தி வைத்த கை என்னுடையது. அதை நானே தட்டிவிடுவதா என்று பேசாமல் இருந்தேன். அன்று தள்ளுவண்டியில் வந்த எங்கள் மகள் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். "அம்மா, யூ ஆர் ஸோ ஃபன்னி" என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அதுதான் அதிகம் நொந்தது.

வீட்டுக்காரியை நாங்கள் விடவில்லை. அவர் போன முதியோர் இல்லம் நடக்கிற தூரம்தான். எப்போதாவது ஒரு ஞாயிறு போய்க் கூட்டிவருவோம். படியேற ஏலாது, கீழே முன்னறையில் உட்கார்ந்து, மேலே எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அப்படி ஒரு ஞாயிறு. மகளுக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். வாய்க்காரி. தேநீர்க் கோப்பையோடு இருந்தவரிடம் ஆங்கிலத்தில் நேரே கேட்டுவிட்டாள்: நீங்கள் தேர்ட் ரேட் என்று சொன்னதும் என் அம்மா கோபித்துக்கொண்டு ஓடிவிட்டாவாமே, அவ முகம் எப்படி இருந்தது?

என் கணவர் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். இப்போது உண்மை வந்துவிடும் என்று நினைத்தேன். வரட்டும் என்று ஒரு மனம், வேண்டாம் என்று ஒரு மனம்.

வீட்டுக்காரி கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: பிழை முழுக்க என்னுடையது, கண்ணே. கட்டடக்காரர்களின் சொல்லை விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கவே கூடாது. முட்டாள்தனம். அன்றிலிருந்து அதற்காக வெட்கப்படுகிறேன்.

அந்த வயதில், அந்த முழங்காலோடு, செய்யாத பிழையை ஏற்றுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை என் கணவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றார் மகளிடம், தமிழில். "அவவின்ரை பிழையில்லை. அம்மாவும் கோவிக்கேல்லை. வெளிக்கிட்டு வந்தது நான். எனக்கு அந்தச் சொல் தெரியாது. அம்மாதான் தனியப் போய், அவவிட்டைக் கேட்டுப் படிச்சுக்கொண்டு வந்தவ."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "பட் அம்மா, ஏன் நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லை?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இவ்வளவு காலம் எடுத்ததே என்று. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு வீடு வேணுமெல்லே பிள்ளை. பிறகு அந்த வீட்டுக்குள்ள நான் உன்ரை அப்பாவோடையெல்லோ இருக்கவேணும்."

வீட்டுக்காரிக்குத் தமிழ் விளங்கவில்லை. என்ன சொன்னா என்று என் கணவரைக் கேட்டார். அவர் என்னை ஒருதடவை பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் விடாமல், நல்ல ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.